நூற்றுப் பதின்மூன்றாம் ஜீவிய சரித்திரம்

சித்தூர்த் தமிழ்ச் சபையில் யார் கண்ணை மூடினாலும் முதல் போன் போதகருக்குப் போகும். இரண்டாவது போன் தியோடருக்கு. சவப்பெட்டி செய்கிறவருக்குக்கூட மூன்றாவது இடம்தான். அடக்க ஆராதனையில் வாசிக்கிற ஜீவிய சரித்திரத்தை எழுதித் தருகிறவர் அவர் என்பதால் அந்த மரியாதை. பிறந்தது எங்கே, ஞானஸ்நானம் எப்போது, என்ன உத்தியோகம், எத்தனை பிள்ளைகள், அவர்கள் எந்தெந்த நாட்டில், சபையில் வகித்த பதவிகள் என்னென்ன என்று ஒரு முழு ஆயுளையும் ஒன்றரைப் பக்கத்துக்குள் மடித்துக் கொடுத்துவிடுவார். அவர் எழுதுவார், போதகர் வாசிப்பார். அதுதான் வழக்கம்.

தியோடர் முப்பத்து மூன்று வருஷம் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் அலுவலகம் அவரை விட்டுப் போகவில்லை. செத்தவர்களுக்கெல்லாம் ஃபைல் நம்பர் போட்டிருந்தார். போனில் ‘ஜீ.ச. 1’, ‘ஜீ.ச. 2’ என்று வரிசையாக இருக்கும். பெயர் போட்டால் இரண்டு பேருக்கு ஒரே பெயர் வந்து குழப்பிவிடும், நம்பர் ஒருநாளும் ஏமாற்றாது என்பது அவர் கட்சி. அந்தக் கட்சி எவ்வளவு பெரிய தப்பு என்பது இந்த வருஷம் ஆவணி வெயிலில்தான் தெரிந்தது.

ஜீ.ச. 112 தலைமை ஆசிரியை ரத்னம்மா. அந்தம்மாவின் சரித்திரம் மூன்று பக்கம் போயிற்று. மாநில விருது, பெண்கள் ஐக்கிய சங்கத் தலைவி, இரண்டு டாக்டர் பிள்ளைகள். எழுதியவருக்கே மூச்சு வாங்கியது. வீட்டுக்கு வந்து சாய்வு நாற்காலியில் சாய்ந்த தியோடருக்குத் திடீரென்று ஒரு சந்தேகம். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் நாம் எழுதுகிறோம், எழுதுகிற ஆளே போய்விட்டால் அவனுக்கு யார் எழுதுவது? சபைச் செயலாளர் எழுதினால் ஒரு வரிக்கு மூன்று பிழை இருக்கும். அந்தப் பிழைகளோடு பரலோகம் போக தியோடருக்கு மனம் ஒப்பவில்லை.

ஆகவே யாருக்கும் தெரியாமல் ஜீ.ச. 113 தொடங்கினார். தன்னுடையதைத் தானே எழுதினார். உயிரோடு இருக்கிறபோது இந்தத் தாளில் சொந்தப் பெயரை எழுதுவது அபசகுனமாகப்பட்டதால், பெயர் வரவேண்டிய இடத்தில் புள்ளி வைத்துக்கொண்டார். கிறிஸ்தவனுக்குச் சகுனம் கிடையாது. இருந்தாலும் புள்ளி வைத்தார்.

ஏழு வரியில் முடிந்துவிட்டது.

அவருக்கே நம்பிக்கை வரவில்லை. அறுபத்து மூன்று வருஷம், ஏழு வரி! அதிலும் ஒரு வரி, டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சையை இரண்டாவது தடவையில் பாஸ் செய்தது. ‘அன்னாரின் சிறப்புகள்’ என்று தலைப்பும் கீழே தனக்கே ஒரு குறிப்பும் மட்டும் போட்டுவிட்டுப் பதினைந்து நாள் உட்கார்ந்திருந்தார். ஒன்றும் வரவில்லை. சரி, சிறப்பு இல்லையென்றால் சம்பாதித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று புறப்பட்டார். சபைக் கமிட்டித் தேர்தலில் நின்று பதினொரு ஓட்டில் தோற்றார். ரத்த தானம் கொடுக்கப் போனார், சர்க்கரை அளவைப் பார்த்துவிட்டு அந்த நர்ஸம்மா அவருக்கே ஒரு மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பினாள். ஆலய வளாகத்தில் வேப்பங்கன்று நட்டார், அதை ஆடு தின்றது. ஹன்னா, அவர் மனைவி, இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இன்னாங்க இது, கல்யாணப் புள்ளையாட்டம் புதுசு புதுசா கெளம்பிட்டீங்க?" என்றாள்.

தியோடர் அவளிடம் மட்டும் சொல்லவே கூடாது என்று தீர்மானமாக இருந்தார்.

அப்போதுதான் திருப்பதியிலிருந்து கிருபாபாயின் போன் வந்தது.

"அண்ணா, அவரு பூட்டாரு. காலைல காப்பி குடிச்சிக்கினே பூட்டாரு. நாளைக்குப் பதினொரு மணிக்கு அடக்கம். நீங்கதான் எழுதணும்."

அவர் என்றால் அவள் புருஷன் சைமன். தியோடரைவிட நாலு வயது பெரியவர். சித்தூரில் இரண்டு தெரு தள்ளி இருந்தவர், ரிட்டையர் ஆனதும் மகள் கேசியாவோடு திருப்பதிக்குக் குடிபோனவர். வேலை, வால்வு திருப்புவது. தெருமுனைக் குழிக்குள் இறங்கி நீளச் சாவியால் குழாயைத் திறந்து, எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் போக வேண்டுமோ அப்போது விட்டு, நேரம் முடிந்ததும் மூடுவது. இருபத்தெட்டு வருஷம் அதைத்தான் செய்தார்.

மறுநாள் காலை ஹன்னாவோடு திருப்பதி பஸ் ஏறினார் தியோடர். மொட்டை போடப் போகிற குடும்பம் ஒன்று பஸ்ஸில் பாதி இடத்தைப் பிடித்துக்கொண்டு கோவிந்தா போட்டுக்கொண்டிருந்தது. ஹன்னா மடியில் மாலையை வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். புத்தலப்பட்டு தாண்டுவதற்குள் ஜீ.ச. 114 எழுதியாக வேண்டும், பிரிண்ட் எடுக்க கேசியாவின் புருஷன் வேணு காத்துக்கொண்டிருக்கிறான்.

எழுதினார். சைமனுக்கும் ஆறு வரிக்கு மேல் நகரவில்லை. ‘நகராட்சி நீர் விநியோகப் பணியில் உண்மையாய் உழைத்தார்’ என்று வால்வுக்கு ஒரு சட்டை மாட்டிவிட்டார். ‘சிறப்புகள்’ என்ற இடத்தில் அமைதியானவர், பொறுமையானவர், ஜெபவீரர் என்று போட்டார். எழுத ஒன்றும் கிடைக்காத எல்லாருக்கும் அவர் போடுகிற மூன்று சொற்கள் அவை.

எழுத ஒன்றும் கிடைக்கவில்லை என்பதும் உண்மையல்ல. சைமனைப் பற்றி ஒன்று இருந்தது. அதை எழுதினால் அந்தக் கதையில் வில்லன் யார் என்றும் எழுத வேண்டியிருக்கும். ஆகவே தியோடர் அதைத் தாண்டிக்கொண்டு போய்விட்டார்.

அனுப்புகிற நேரத்தில் கை பழக்கப்படி வேலை செய்தது. போன தடவை வாசித்தது 112, ஆகவே இது 113. அனுப்பினார். வேணுவிடமிருந்து ‘சரிங்க மாமா’ என்று பதில் வந்தது. நிம்மதியாகச் சந்திரகிரி வரைக்கும் தூங்கினார்.

ஆலயத்தில் இருநூறு பேர் இருந்தார்கள். சித்தூரிலிருந்து இரண்டு வேன் வந்திருந்தது. முன் வரிசையில் கிருபாபாய், பக்கத்தில் கேசியா, வேணு, வேணுவின் வீட்டார். அவர்கள் கொஞ்சம் பெரிய இடம், இஸ்திரி மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார்கள். போதகர் ஆசிர் வயசுப் பிள்ளை, புதிதாக வந்தவர், தெலுங்கு மீடியத்தில் படித்தவர். சைமன் தமிழில்தான் வாசிக்க வேண்டும் என்று சொல்லி வைத்திருந்ததால், பாவம், தமிழை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். எழுத்தைப் பிடிப்பதற்கே அவர் கவனம் முழுக்கச் செலவாகிவிட்டது. அர்த்தத்துக்கு மிச்சமில்லை.

"நம் அன்புக்குரிய…" என்று தொடங்கியவர் புள்ளிகளைப் பார்த்தார். இது நாம் நிரப்ப வேண்டியது போலும் என்று, "சைமன் அய்யகாரு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்றாம் ஆண்டு சித்தூரில் பிறந்தார்" என்றார்.

நான்காவது வரிசையில் இருந்த தியோடர் நிமிர்ந்தார். சைமன் பிறந்தது ஐம்பத்தேழில்.

"அன்னார் டைப்ரைட்டிங் ஹையர் தேர்வில், இரண்டாம் முறை, வெற்றி பெற்றார்."

கூட்டத்தில் முணுமுணுப்பு. வால்வு திருப்பினவர் எப்போது டைப் அடித்தார் என்று சித்தூர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அடக்க ஆராதனையில் போதகரை யாரும் குறுக்கே பேசி நிறுத்துவதில்லை. அந்த ஒழுங்குதான் அன்றைக்கு எமனாக வந்தது.

"இது யாரு கதைங்க?" என்று ஹன்னா காதில் கேட்டாள்.

பதில் மேடையிலிருந்து வந்தது. "எண்பத்து நான்காம் ஆண்டு, ஹன்னா அம்மையாரைக் கரம் பற்றி, இல்லற வாழ்வில் இனிதே நடந்தார்."

இருநூறு தலைகளும் ஹன்னா பக்கம் திரும்பின. மூன்று மணி நேரமாகக் கைக்குட்டையில் முகம் புதைத்திருந்த கிருபாபாய் தலையைத் தூக்கி ஹன்னாவைப் பார்த்தாள். ஹன்னா தியோடரைப் பார்த்தாள். தியோடர் கூரை மின்விசிறியைப் பார்த்தார்.

ஆசிர் ஐயா விடாமுயற்சிக்காரர். "அன்னாரின் சிறப்புகள்" என்று தலைப்பை முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, அடுத்ததையும் கணீரென்று வாசித்தார். "இங்கே பெரிதாக ஏதாவது வேண்டும். யோசி. ஹன்னாவைக் கேட்காதே, சிரிப்பாள்."

பின் வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். போதகர் தாளைத் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் காலியாக இருந்தது.

கேசியாவின் முகம் சிவந்து போயிற்று. புருஷன் பக்கம் திரும்பி, அடக்கிய குரலில்தான், ஆனால் நாலு வரிசைக்குக் கேட்கும்படி, "பிரிண்ட் எடுத்துக்கினு வந்தது நீதான? எங்க நைனாவுக்கு இதுகூட ஒழுங்கா செய்யத் தெரியாதா?" என்றாள்.

வேணு வெலவெலத்துப் போனான். "கடைக்காரன் மாத்திக் குடுத்துட்டான் போல" என்றான். அவன் அப்பா மகனை ஒரு பார்வை பார்த்தார். இஸ்திரி மடிப்பு அப்போதுதான் முதல் தடவையாகக் கலைந்தது.

தியோடருக்கு வழி திறந்தது. கடைக்காரன் மாற்றிவிட்டான், சித்தூர்த் தாள் ஏதோ கலந்துவிட்டது, யாரோ எப்போதோ விளையாட்டுக்கு எழுதினது. ஆயிரம் சொல்லலாம். வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், வேணு தலையில் விடிந்துவிடும். வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை, மாமனார் சாவில், சம்பந்திகள் முன்னால். நாளைக்கு அவனே மறந்துவிடுவான் என்று தியோடர் தனக்குச் சொல்லிப் பார்த்தார். மறக்க மாட்டான் என்றும் தெரிந்தது. எழுந்தால் அறுபத்து மூன்று வயதில் தனக்குத் தானே புகழ் எழுதிக்கொள்ளப் பார்த்து, அதுவும் கிடைக்காமல் போனவன் என்று சித்தூர் முழுக்கச் சிரிக்கும். கமிட்டித் தேர்தலில் அடுத்த தடவை அந்தப் பதினொரு ஓட்டும் நூற்றுப் பத்தாகும்.

கால் தானாக எழுந்துவிட்டது. ஹன்னா வேட்டியைப் பிடித்து இழுத்தாள், அதற்குள் நடைபாதைக்கு வந்துவிட்டார்.

"ஐயா, மன்னிக்கணும். தப்பு என்னோடது. மாப்பிள்ளையும் கடைக்காரரும் ஒண்ணும் செய்யல. அது என்னோட சரித்திரம். நானே எனக்கு எழுதி வெச்சிக்கினது. நம்பர் மாத்தி அனுப்பிச்சிட்டேன்."

"மீதா?" என்றார் ஆசிர் ஐயா, தெலுங்கில், கண்ணை அகல விரித்து. "மீரு பிரதிகே உன்னாரு கதா!" உங்களுடையதா, உயிரோடுதானே இருக்கிறீர்கள் என்று அவர் கேட்டது அந்த ஆலயத்தில் எல்லாருக்கும் புரிந்தது. இந்தத் தடவை சிரிப்பு நாலைந்து வரிசைக்குப் பரவியது.

"இருக்கறேங்க ஐயா" என்றார் தியோடர்.

போதகர் மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். சரியான தாள் போனில் இருந்தது. போன் ஹன்னாவின் பையில் இருந்தது. ஹன்னா முகத்தை மூடிக்கொண்டு இருந்தாள். தியோடர் பெட்டியைப் பார்த்தார். சைமன் வெள்ளைச் சட்டையில், எப்போதும் போல ஒன்றும் சொல்லாமல் படுத்திருந்தார். அமைதியானவர், பொறுமையானவர், ஜெபவீரர் என்று சொல்ல வாய் வந்தது. சொல்ல வெட்கமாக இருந்தது.

"எங்க தெருவுக்கு மூணு நாளைக்கு ஒருக்கா நாப்பது நிமிஷம் தண்ணி" என்று தொடங்கினார். "கவுன்சிலர் தெருவுக்கும் நாப்பது. சைமண்ணன் தெருவுக்கும் நாப்பது. இருபத்தெட்டு வருஷத்துல ஒரு நிமிஷம் கூடவும் இல்ல, கொறையவும் இல்ல. எம்பொண்ணு ரூபா கல்யாணத்துக்கு முந்தின நாளு, வூடு நெறையச் சனம், சொல்லி வெச்ச டேங்கர் வரல. நான் வால்வுக்கிட்டப் போயி, இன்னும் இருபது நிமிஷம் வுடுண்ணான்னு கேட்டேன். முடியாதுன்னாரு. உன் வூட்டுக் கல்யாணத்துக்கு வுட்டா, அடுத்த தெருவுல சாவு வுழுந்தா நான் இன்னாடா பதில் சொல்லுவேன்னாரு. தண்ணி புடிக்க வந்த பொம்பளைங்க எல்லாம் பாத்துக்கினு இருந்தாங்க. நான் திட்டனேன். கன்மலைய அடிச்சித் தண்ணி வர வெச்ச மோசேன்னு நெனப்பாடா உனக்கு, சாவி இருந்தா நீ பெரிய மனுசனாடான்னேன். டான்னு சொன்னேன். என்னைவிட நாலு வயசு பெரியவரு."

மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"மறுநாள் விடிகாலைல கதவத் தொறந்தா, வாசல்ல பன்னெண்டு கொடம் தண்ணி. என் மச்சான் ஏற்பாடு பண்ணான்னு நெனச்சிக்கினேன். அந்தத் தண்ணிலதான் கல்யாணம் நடந்திச்சி. எட்டு மாசம் சைமண்ணனோட நான் பேசல. அப்புறம் பக்கத்து வூட்டுப் பொன்னியம்மா சொல்லித்தான் தெரியும். அவரு வூட்டு நாப்பது நிமிஷத்துத் தண்ணியச் சைக்கிள்ல வெச்சி, ஆறு நடை நடந்திருக்காரு. மூணு நாளு அவங்க வூட்ல கோயில் கெணத்துத் தண்ணி சேந்திக் குடிச்சிருக்காங்க. தெருவுத் தண்ணிய ஒரு சொட்டு எனக்குக் குடுக்கல. தன் வூட்டுத் தண்ணிய ஒரு சொட்டு மிச்சம் வெச்சிக்கல. இத இன்னிக்கு பஸ்ல நான் எழுதாம வுட்டுட்டேன். எழுதினா என் யோக்கியதையும் தெரிஞ்சிடுமேன்னு வுட்டுட்டேன். அவ்ளோதான். அவருக்குப் பதவி ஒண்ணும் இல்ல."

மைக்கைப் போதகரிடம் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். யாரும் சிரிக்கவில்லை. சித்தூர் வேனில் வந்த பெண்கள் சிலர் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். வேணுவின் அப்பா மகன் தோளில் கை போட்டிருந்தார். ஹன்னா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள்.

அடக்கம் முடிந்து எல்லாரும் கேசியா வீட்டுக்குத் திரும்பினார்கள். டீயும் பன்னும் கொடுத்தார்கள். வேணு தியோடருக்கு மட்டும் தானே தேடி வந்து நாற்காலி போட்டான். தியோடர் அதில் ஓரமாக உட்கார்ந்து, எந்தப் பஸ்ஸில் யார் கண்ணிலும் படாமல் ஊர் போய்ச் சேரலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். பெரிதாக ஒன்றைத் தேடிப் போனவனுக்கு நாலு மாதத்தில் கிடைத்தது இதுதான். இருநூறு பேருக்கு நடுவில் மானம் போயிற்று.

கிருபாபாய் வந்து எதிரில் பாயில் உட்கார்ந்தாள். அழுது அழுது கண் வீங்கியிருந்தது, ஆனால் முகத்தில் கொஞ்சம் தெளிவு இருந்தது.

"அண்ணா, நீங்க சொன்னதுல ஒரு தப்பு இருக்குது" என்றாள்.

இன்னொன்றா என்று தியோடருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "இன்னாம்மா?"

"இருபத்தெட்டு வருசத்துல ஒரு நிமிசம்கூட தப்பலன்னு சொன்னீங்க. ஒரு நாளு தப்பிச்சி."

"எப்போ?"

"நீங்க வந்தீங்களே, அன்னிக்கு."

தியோடர் தலையைக் குனிந்துகொண்டார். அந்த நாளை அவர் ஆலயத்தில் சொல்லவில்லை. சொல்லும்படியான நாளாகவும் அதை அவர் நினைத்ததில்லை. பொன்னியம்மா சொன்ன மறுநாள், தண்ணீர் விடுகிற நேரம் பார்த்து வால்வுக் குழியண்டை போனார். அதே தெருமுனை, குடத்தோடு அதே பெண்கள். இங்கதான் உன்னைத் திட்டினேன், இங்கயே கேக்கறேன், என்னை மன்னிச்சிடுண்ணா என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். இரண்டு பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சைமன் குழிக்குள் நின்றபடி ஒரு வார்த்தை பேசவில்லை. தியோடர் அவமானத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். மறுநாளிலிருந்து இருவரும் பேசிக்கொண்டார்கள், அந்தக் காரியத்தை மட்டும் இருவரும் எடுக்கவில்லை.

"நீங்க பூட்டீங்க" என்றாள் கிருபாபாய். "இவரு அந்தக் குழிக்குள்ளயே நின்னுக்கினு இருந்திருக்காரு. சாவி கைல இருக்குது, திருப்பணும்னு தோணல. அம்பது நிமிசம் ஓடிப்போச்சி அந்தத் தெருவுக்கு. பொம்பளைங்கதான் கொடம் ரொம்பிச்சி மூடுங்கன்னு கத்தியிருக்காங்க. வூட்டுக்கு வந்து சோறு துன்னல. பக்கத்துத் தெருவுக்குப் பத்து நிமிசம் துரோகம் பண்ணிட்டேன்னு ஒரு பக்கம் பொலம்பறாரு, ஒரு பக்கம் அழுவறாரு. நான் இன்னாய்யான்னு கேட்டேன்."

அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"‘தண்ணி சொமக்க எனக்கு ஒடம்புல தெம்பு இருந்திச்சி, சொமந்தேன் கிருபா. தப்பு பண்ண மனுசன் ராத்திரில வூட்டாண்ட வந்து தனியா கேப்பான். நானா இருந்தா அப்பிடித்தான் கேட்டிருப்பேன். அவன் தெருவுல கேட்டான். அந்தத் தெம்பு எனக்கு இல்ல’ன்னாரு. சாவற வரைக்கும் அதச் சொல்லிக்கினே இருந்தாரு. அதனாலதான் நீங்கதான் எழுதணும்னு சொல்லி வெச்சாரு. இன்னிக்கு நீங்க எழுந்து நின்னப்ப, பெட்டில படுத்துக்கினு இருக்கறவரு பாக்கலையேன்னு எனக்கு ஒரே ஆத்தாமையா போச்சிண்ணா."

தியோடருக்கு அழுகை வந்தது. சைமன் செத்ததற்கு அதுவரை அவர் அழவில்லை. எழுதுகிற வேலையில் அதற்கு நேரமே இருக்கவில்லை. இப்போது டீ டம்ளரை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு, வேணு, ஹன்னா, சம்பந்தி வீட்டார், சித்தூர் வேன்காரர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, முகத்தை மூடாமல் அழுதார்.